எதை எடுப்பது, எதை விடுவது? - பிச்சாவரம் ஓரத்தில் ஒரு நண்டு வேட்டை

என் பையனுக்குப் பன்னிரண்டு வயது. கோடை விடுமுறைக்குக் கடலூர் கிளம்பும்போதே ஒரு நிபந்தனை போட்டுவிட்டான். "இந்த வாட்டி பாட்டி வீட்ல கடை நண்டு வேணாம்ப்பா. நானே பிடிச்சு, நானே எடுத்துட்டு வரணும்."

மாமியார் வீடு திருப்பாதிரிப்புலியூரில். நண்டுக் குழம்பு வைத்தால் தெரு முனைவரை மணக்கும். அந்த மணத்துக்காகவே வருடம் ஒருமுறை பஸ் ஏறுகிறவன் நான். நண்டைத் தின்னத் தெரியுமே தவிர, பிடிக்கத் தெரியாது. பிடிக்கிறவர்கள் யாரென்றும் தெரியாது. அதனால் பையனின் நிபந்தனை எனக்கும் சேர்த்துத்தான்.

நாங்கள் போனது மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் படகுகள் தோளோடு தோள் உரச வரிசையாகக் கட்டிக் கிடந்தன. வலை பின்னுகிறவர்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பவர்கள், பெயின்ட் அடிப்பவர்கள் என்று வேறு மாதிரியான சுறுசுறுப்பு. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுகிற காலம் என்பதால்தான் இந்தத் தடை. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. ஆகவே கூடைகளில் கொஞ்சம் மீனும் நண்டும் வந்தபடிதான் இருந்தன.

முதல் பாடம் அங்கேயே ஆரம்பித்தது. மாமியார் கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேரனுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இது முக்கண்ணு நண்டு. முதுகுல மூணு புள்ளி பாரு. இது சிலுவை நண்டு, ஓட்டு மேல சிலுவை போட்ட மாதிரி இருக்கு பார். இது நீலக்கால். எல்லாம் கடல் நண்டு. இன்னொண்ணு இருக்கு, சேத்து நண்டு. உப்பங்கழியில இருக்கும். கறுத்துப் பச்சையா, கல்லு மாதிரி. அதுக்குத்தான் ருசி."

"நல்ல நண்டுன்னு எப்படி பாட்டி கண்டுபிடிக்கிறது?"

"கால அழுத்திப் பாரு. அமுங்கினா தண்ணி நண்டு. புதுசா ஓடு மாத்தினது. உள்ள சதை இருக்காது, தண்ணிதான். கெட்டியா இருந்தா எடு. பொட்டையா இருந்து சினை இருந்துச்சுன்னா கேள்வியே கேக்காத, எடுத்துடு."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொத்சுவில் தொடங்கி கிள்ளை வரை

மச்சானுக்குத் தெரிந்த ஓர் இருளர் குடும்பம் கிள்ளைப் பக்கம் இருந்தது. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டோம். முதுநகர் தாண்டி, சிப்காட் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஊர்கள் அரைத்தூக்கத்தில் வந்து போயின. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது கிழக்கே வானம் சிவந்திருந்தது. அந்த ஆறு கடலில் கலக்கிற இடம்தான் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது. இந்தக் கழிமுகத்து நண்டுகளைப் பல தலைமுறை மாணவர்கள் அங்கே உட்கார்ந்து படித்திருக்கிறார்கள்.

சிதம்பரத்தில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சுவும். கோபுரத்தைப் பார்த்தபடி பையன் கேட்டான், "இந்த ஊருக்கு ஏன்ப்பா தில்லைன்னு பேரு?"

தில்லை என்பது ஒரு மரம். கோயிலின் தலமரமும் அதுதான். உப்பங்கழிச் சேற்றில் வளர்கிற மரம். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இன்று ஊருக்குள் தில்லைக் காடு கிடையாது. தில்லையைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போய், பிச்சாவரத்தில்தான் பார்க்க வேண்டும்.

பிச்சாவரத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி'யில் பார்த்தவர்களும் உண்டு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்த அலையாத்திக் காடு. சுரபுன்னை மரங்கள் வேர்களைக் கால்களாக ஊன்றித் தண்ணீரில் நிற்கும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது தன் பின்னால் இருந்த சில ஊர்களுக்கு இந்தக் காடு அரணாக நின்றது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து, உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம் என்ற பெயரும் வாங்கியது.

இந்தக் காடும் ஒரு காலத்தில் தப்பான கணக்கில் வெட்டப்பட்டதுதான். வெள்ளைக்காரர் காலத்தில் கூறு கூறாகப் பிரித்து மொத்தமாக வெட்டினார்கள். மரம் போன இடத்தில் வெயில் பட்டு மண் காய்ந்து பள்ளமானது. பள்ளத்தில் கடல்நீர் தேங்கி உப்பு ஏறியது. அப்புறம் எந்த விதையும் முளைக்கவில்லை. பிற்பாடு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதம் ஏறி இறங்க வழி செய்து, கன்று நட்டு மீட்டார்கள். மொத்தமாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நண்டைத் தேடி அலைய வேண்டியதில்லை, காடே சாட்சி.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பிச்சாவரம் காப்புக்காடு. அங்கே சுற்றுலாப் பயணிக்குப் படகுச் சவாரிக்குத்தான் சீட்டு, வேட்டைக்கு அல்ல. நாங்கள் போனது காட்டு எல்லைக்கு வெளியே, கிள்ளைப் பக்கத்து உப்பங்கழி ஓடை ஒன்றுக்கு.

"மொதல்ல கவுத்திப் பாரு"

ஓடைக்கரையில் அக்கா எங்களுக்காகக் காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டார். இரண்டு கைகளும் தண்ணீருக்கடியில் சேற்றைத் துழாவின. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. நொடிக்கொரு தரம் ஒரு கை மேலே வரும், ஒரு இறால் பறிக்குள் விழும். இந்தப் பக்கத்து இருளர் மக்களின் தொழில் இதுதான். பையன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

நண்டுக்கு வேறு வழி. ஓதம் வற்றியிருக்கும்போது கரையோர வளைகளில் இரும்புக் கொக்கியை விட்டு இழுப்பார்கள். ஓதம் ஏறும்போது, கம்பி வளையத்தில் கட்டிய சின்ன வலையின் நடுவில் மீன் தலையை வைத்துத் தண்ணீரில் இறக்குவார்கள். பையனுக்குக் கிடைத்தது வளைய வலை.

இறக்குவதற்கு முன் அக்கா ஒரு நண்டை எடுத்துப் பின்னாலிருந்து பிடித்துக் காட்டினார்.

"தம்பி, நண்டு வந்தவொடனே மொதல்ல கவுத்திப் பாரு. வயித்துல மடிப்பு இருக்குல்ல? ஒடுங்கி, கூம்பா இருந்தா ஆம்பள. அகலமா, அரை வட்டமா இருந்தா பொம்பள. இது ஒண்ணு. ரெண்டாவது, ஓடு உள்ளங்கைக்குள்ள அடங்குதான்னு பாரு. அடங்கினா விட்டுடு. மூணாவது, ஒண்ணு மேல ஒண்ணு கட்டிக்கிட்டு வந்தா ரெண்டையும் விட்டுடு. பொண்ணு ஓடு கழட்டப் போறா, மாப்புள காவல் இருக்கான்னு அர்த்தம். நாலாவது, வயித்துக்கு வெளிய முட்டை ஒட்டிக்கிட்டு இருந்தா கையே வெக்காத."

"அப்புறம் எதைத்தான்க்கா எடுக்கிறது?"

அக்கா சிரித்துவிட்டார். "மிச்சத்த எடு. மொத நண்டு உன்னுது. எடுக்கிறதும் விடுறதும் உன் இஷ்டம். மத்தது எங்க கூடைக்கு."

எனக்கு வேறொரு வேட்டை நினைவுக்கு வந்தது. வட அமெரிக்காவில் 'எல்க்' என்று ஒரு மான். நம் கடமானைவிடப் பெரியது. அதை முதன்முதலாக வேட்டையாடப் போகிறவர், பல மாநிலங்களில், உரிமத்துக்கு எழுதிப் போடும்போதே கொம்புள்ள ஆணா, பெண்ணா என்று முடிவு செய்துவிட வேண்டும். காட்டில் வேறொன்று எதிரே வந்து நின்றாலும் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம் சேற்று நண்டுக்கே சட்டம் உண்டு. பெண் நண்டை எடுக்கவே கூடாது. ஆண் நண்டும் ஓடு 15 சென்டிமீட்டர் அகலம் இருந்தால்தான். ஒரு ஆண் பல பெண்களோடு சேரும். ஆகவே சில ஆண்கள் குறைந்தாலும் அடுத்த தலைமுறை நிற்காது என்பதுதான் அந்தச் சட்டத்தின் கணக்கு. அங்கே அதிகாரி அளவுகோலோடு வருகிறார். இங்கே அக்காவின் உள்ளங்கைதான் அளவுகோல்.

முதல் இழுப்பில் மீன் தலை மட்டும் வந்தது, பாதி தின்றபடி. இரண்டாவதில் ஒரு நண்டு! பையன் குதித்தான். ஓட்டின் மேல் கையை விரித்துப் பார்த்து, "அடங்கலக்கா, அடங்கல! பெரிய நண்டு!" என்று கத்தினான்.

"உன் கைக்கு அடங்காது, சின்னக் கை. என் கைதான் கணக்கு." அக்கா தன் கையை விரித்து வைத்தார். நண்டு முழுசாக உள்ளே அடங்கிப்போனது. "இத மொதல் நண்டா எடுத்தா தின்னவும் ஒண்ணும் இருக்காது. விட்டுடு, இது கணக்குல வராது."

தண்ணீரில் விட்டான். மூஞ்சி சுருங்கிப்போயிற்று.

அந்த நண்டு

அடுத்த இழுப்பு கனமாக வந்தது. கயிற்றை நானும் பிடித்தேன். வலைக்குள் இருந்தது அக்காவின் கைக்கும் அடங்காத நண்டு. பச்சைக் கறுப்பு. கொடுக்கைத் தூக்கிக்கொண்டு எங்களை எதிர்த்து நின்றது. அக்கா காலால் லேசாக அமுக்கி, பின்னாலிருந்து பிடித்துத் தூக்கினார்.

பையன் சொல்லாமலே கவிழ்த்துப் பார்த்தான். அகலமான அரைவட்ட மடிப்பு. பெண். அக்கா ஓட்டுக்கும் மடிப்புக்கும் நடுவே விரலால் அழுத்திக் காட்டினார். இடுக்கில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

"சினை கட்டியிருக்கு. நிறைஞ்ச சினை."

"முட்டை வெளிய இல்லையேக்கா? அப்ப எடுக்கலாம்தானே?"

நல்ல கேள்வி. சேற்று நண்டின் வாழ்க்கையில் இது முக்கியமான கட்டம். உள்ளே சினை முதிர்ந்ததும் பெண் நண்டு கழியை விட்டுக் கடலுக்குப் போய்விடும். அங்கேதான் முட்டைகள் வயிற்று மடிப்புக்கு வெளியே வரும். பத்து லட்சத்தைத் தாண்டும் எண்ணிக்கை. அவற்றைச் சுமந்து, கடலின் உப்பில் பொரிக்கவிட்டு, பொரித்தவற்றில் ஏதோ கொஞ்சம் மட்டும் பிழைத்துக் குட்டி நண்டாகி மறுபடி கழிக்குள் வரும். ஆகவே முட்டை ஒட்டிய சேற்று நண்டைக் கழியில் பார்ப்பது அபூர்வம். உள்ளே ஆரஞ்சாகத் தெரிகிற இந்த நண்டுதான் பயணத்துக்குத் தயாராக நிற்கிறவள்.

இன்னொரு பக்கமும் உண்டு. சந்தையில் இவளுக்குத்தான் விலை. ஆண் நண்டைவிடச் சினை நண்டுக்குக் கூடுதல் மதிப்பு. நம் வீட்டுக் குழம்பிலும் அப்படி, கொடுக்கைக் கயிற்றால் கட்டி உயிரோடு விமானம் ஏற்றுகிற வெளிநாட்டு ஓட்டல்களிலும் அப்படி.

"அக்கா, இதை நீங்க பிடிச்சிருந்தா விடுவீங்களா?" என்று கேட்டான் பையன்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. அக்காவுக்கு இல்லை.

"விடமாட்டேன் தம்பி. பொய் சொல்லக் கூடாது. இது ஒண்ணு மூணு நாள் அரிசி. ஆனா விட்டா நல்லதுன்னு தெரியும். எங்கம்மா காலத்துல இந்த ஓடையிலேயே ஒரு பறி நண்டு ஒரு மணி நேரத்துல வந்துடும். இப்ப காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் நிக்கிறோம்."

பையன் வலையைப் பிடித்தபடி நின்றான். பாட்டி சொன்னது அவன் காதில் இருந்திருக்கும். இத்தனை பெரிய நண்டோடு வீட்டு வாசலில் இறங்குகிற காட்சியும் கண்ணில் இருந்திருக்கும். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை.

"விட்டா இது திரும்ப இங்கேயே வருமா?"

"இது வராது. இதோட குஞ்சு வரும்."

வலையைத் தண்ணீருக்குள் சாய்த்தான். நண்டு ஒரு கணம் வலை விளிம்பிலேயே இருந்தது. பிறகு பக்கவாட்டில் நழுவிச் சேற்றுக் கலங்கலில் மறைந்துபோனது. அக்கா அது போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பர்ஸை எடுத்தேன். "காசை உள்ள வைங்க சார். நண்டு தம்பியுது" என்றார்.

அப்புறம் ஒரு மணி நேரம் கழித்து ஆண் நண்டு ஒன்று கிடைத்தது. அரைக் கிலோ இருக்கும். கூம்பு மடிப்பு, கெட்டியான கால், அக்காவின் கையைத் தாண்டிய ஓடு. கொடுக்கை மடக்கிக் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். பையனின் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது.

கிளம்புகிற நேரத்தில் அக்காவின் கொக்கியில் வளையிலிருந்து ஒரு நண்டு வந்தது. அகலமான மடிப்பு. இடுக்கில் ஆரஞ்சு. கயிற்றால் கட்டிக் கூடையில் போட்டார். பையன் என்னைப் பார்த்தான். நான் ஓடையைப் பார்த்தேன்.

காரில் நடந்த பேச்சு

பி.முட்லூர் வரை அமைதி. பிறகு, "அவங்க மட்டும் ஏன்ப்பா விடல?" என்றான்.

"நாம விட்டா ஒரு வேளைக் குழம்புதான் போகுது. அவங்க விட்டா மூணு நாள் சாப்பாடு போகுது. நம்ம கை ஈஸியா திறக்கும். அவங்க கை அப்படித் திறக்காதுடா."

கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப சினை நண்டுக்குக் கூட விலை குடுக்குறது யாரு?"

நான் பதில் சொல்வதற்குள் அவனே, "நாமதானே?" என்றான்.

வண்டி ஓட்டிய மச்சான் திரும்பிப் பார்த்தார். எனக்கு உறைத்தது. ஓடையில் நிற்கிறவர் எதை எடுக்க வேண்டும் என்பதைக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து நாம்தான் முடிவு செய்துகொண்டிருக்கிறோம். ஆண் நண்டுக்கும் அதே விலை கிடைத்தால் அந்தக் கொக்கி வேறு மாதிரி யோசிக்கக்கூடும்.

நீங்கள் போவதாக இருந்தால்

சிதம்பரம் வரை ரயிலும் பஸ்ஸும் உண்டு. அங்கிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் துடுப்புப் படகு எடுங்கள். அதில்தான் குறுகலான ஓடைகளுக்குள் போக முடியும். காலை நேரம் நல்லது, வெயில் ஏறினால் தாங்காது. தில்லை மரத்தில் கிளை ஒடிக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் எதையும் பிடிக்காதீர்கள். வெளியே பிடிக்க ஆசை என்றால் உள்ளூர்க்காரர் துணையோடு மட்டும், அவர்களுடைய நேரத்துக்கு உரிய காசைக் கொடுத்து. சேற்று நண்டின் கொடுக்கு விரலை நசுக்கிவிடும். குழந்தைகளிடம் கட்டிய பிறகே கொடுங்கள்.

பாட்டியின் முடிவு

"ஒண்ணே ஒண்ணா?" என்றார் மாமியார். பிறகு கவிழ்த்துப் பார்த்து, "சினை இல்லையா?"

பையன் ஆரம்பித்தான். கூம்பு மடிப்பு, அரைவட்ட மடிப்பு, கடலுக்குப் போகிற பயணம், பத்து லட்சம் முட்டை, அக்காவின் உள்ளங்கை, மூணு நாள் அரிசி என்று அரை மணி நேரம். மாமியார் நண்டைக் கழுவிக்கொண்டே கேட்டார். ஆறு பேருக்கு ஒரு நண்டு குழம்புக்குக் காணாது. மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வைத்தார். ஒரு கொடுக்கு பையனுக்கு, வேட்டைக்காரன் பங்கு.

"எனக்கு எழுவது வயசாவுது. சினை நண்டு தின்னே வளர்ந்தவ நான்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் பேச்சில்லை.

மறுநாள் காலையில் கூடைக்காரம்மா வாசலில் இறக்கினார். "அம்மா, உங்களுக்குன்னே ரெண்டு சினை நண்டு எடுத்து வச்சேன்."

மாமியார் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். இடுக்கில் விரலை வைத்து அழுத்தினார். பழக்கம், வேறென்ன? கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பையன் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

நண்டு கூடைக்குத் திரும்பிப் போனது.

"ஆம்பள நண்டு இருந்தா குடு. சினைக்கு என்ன விலை சொல்வியோ, அதையே வாங்கிக்கோ."